நாற்காலியிலிருந்து எழும் வலிமை

நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் வங்கிக் கிளைகளில் ஓய்வூதியர்களின் வருகை மிகும். ஆயுள் சான்று அளிக்க வரும் பெரியவர்களுள் பலர் நினைவாற்றலிலும் பேச்சிலும் சற்றும் தளராதவர்கள். கையொப்பமிட்டு எழும்போதுதான் அவர்களது வயது தெரிகிறது. இரு கைகளையும் மேசைமீது ஊன்றி, ஓரிரு முறை முயன்ற பின்னரே நிமிர்கிறார்கள். கேட்டால், மூட்டுத் தேய்மானம் என்பார்கள். மூட்டுக்கு அதில் பங்குண்டு. ஆனால் அம்மூட்டைத் தாங்கி இயக்கும் தசைகள் வலுவிழந்திருப்பதைப் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதில்லை.

முதுமையில் தசை குறைவதற்கு, 1989ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் இர்வின் ரோசன்பர்க் 'சார்கோபீனியா' என்று பெயரிட்டார். இக்குறைவு நடுவயதிலேயே ஓசையின்றித் தொடங்கிவிடுகிறது. நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து பணிபுரியும் நம் போன்றோர் இதனை அறிந்திருத்தல் நலம். கால் தசைகளின் வலிமையைக் காக்கும் பயிற்சிகளுள் எளிமையானது உட்கார்ந்து எழுவதே. உடற்பயிற்சிக் கூடங்களில் இது 'ஸ்குவாட்' எனப்படுகிறது. வட இந்திய மல்லர்கள் தங்கள் அகாராக்களில் இதனைப் 'பைட்டக்' என்கிறார்கள். நம் ஊர்களில் தண்டாலோடு சேர்த்து எடுக்கப்படும் பஸ்கியும் இதுவே. பிள்ளையார் முன் போடும் தோப்புக்கரணத்திலும் கால்கள் செய்யும் வேலை இதுதான்.

இவ்வியக்கத்தில் எந்தத் தசை எவ்வளவு உழைக்கிறது? தோலின்மீது மின்முனைகளை ஒட்டி, தசையில் எழும் நுண்ணிய மின் சமிக்ஞைகளை அளக்கும் முறை இதற்கு உதவுகிறது. முழங்காலை நீட்டுவது முன்தொடையின் நான்கு பகுதித் தசை. இடுப்பை நிமிர்த்துவதில் முதன்மையானது பிட்டத்தின் பெருந்தசை. உடலிலுள்ள தசைகளுள் இதுவே மிகப் பெரியது. உள்தொடைத் தசைகள் அதற்குத் துணைநிற்கின்றன. ஆடுசதை கணுக்காலை நிலைநிறுத்துகிறது. கீழிறங்கும்போதும் இத்தசைகள் ஓய்ந்திருப்பதில்லை. நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்கி, நாம் தடாலென விழாமல் காக்கின்றன. ஆகவே மெதுவாக இறங்குவதும் பயிற்சியின் ஒரு பாதியே.

எவ்வளவு ஆழம் இறங்குகிறோம் என்பதைப் பொறுத்து இந்த உழைப்பின் பங்கீடு மாறுகிறது. 2002இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் தொடை, பிட்டப் பகுதிகளின் நான்கு தசைகள் அளக்கப்பட்டன. அவற்றின் மொத்த உழைப்பில், எழும் கட்டத்தின்போது பிட்டத் தசையின் பங்கு அரைகுறையாக இறங்கியபோது சுமார் 17 விழுக்காடாகவும், தொடை தரைக்கு இணையாகும்வரை இறங்கியபோது 28 விழுக்காடாகவும், முழுவதும் இறங்கியபோது 35 விழுக்காடாகவும் இருந்தது. 2019இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட 10 வாரப் பயிற்சியின் முடிவும் இதற்கு இசைந்தே அமைந்தது. முழுவதும் இறங்கியவர்களுக்குப் பிட்டத் தசையும் உள்தொடைத் தசையும் கூடுதலாக வளர்ந்தன. முன்தொடைத் தசையின் வளர்ச்சியோ இரு சாராருக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது.

மூட்டு வலியுள்ளோர்க்கு இதில் ஓர் ஆறுதல் உண்டு. ஆழமாக இறங்க இயலவில்லையே என்று அவர்கள் பயிற்சியைக் கைவிட வேண்டியதில்லை. பாதியளவு இறங்கி எழுந்தாலும் முன்தொடைத் தசைக்குரிய பயன் பெருமளவு கிட்டும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அதே ஜப்பானிய ஆய்வில் தொடையின் பின்புறத் தசைகள் குறிப்பிடத்தக்க அளவு வளரவில்லை. அவற்றுள் பெரும்பாலானவை இடுப்பு, முழங்கால் ஆகிய இரு மூட்டுகளையும் கடந்து செல்பவை. எழும்போது ஒரு முனையில் சுருங்கியும் மறுமுனையில் நீண்டும் ஏறத்தாழ அதே நீளத்தில் நின்றுவிடுகின்றன. எனவே உட்கார்ந்து எழுவதோடு, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்தும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

தொடங்குவோர் உறுதியான நாற்காலி ஒன்றைச் சுவரோரம் இட்டுக்கொள்ளலாம். பாதங்களைத் தோள் அகலத்திற்கு விரித்து, குதிகால்கள் தரையைவிட்டு எழாமல், முழங்கால்கள் பாத விரல்களின் திசையிலேயே செல்லும்படி மெல்ல அமர்ந்து எழ வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. எழும்போது வெளிவிடுதல் நன்று. 8 முதல் 10 முறை செய்து, சற்றே இளைப்பாறி, மீண்டும் ஒரு சுற்று செய்யலாம். இது எளிதாகிவிட்டால் ஒரு பையில் சில நூல்களை இட்டு மார்போடு அணைத்துக்கொள்ளலாம். வாரத்தில் குறைந்தது 2 நாட்களேனும் தசைவலுப் பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இதய நோய், உயர் ரத்த அழுத்தம், மூட்டு அறுவை சிகிச்சை ஆகியவற்றுக்கு ஆளானோர் மருத்துவரிடம் கேட்டே தொடங்க வேண்டும்.

தம் நிலையை அறிய விரும்பும் மூத்தோர்க்கு ஓர் எளிய சோதனை உண்டு. சுமார் 43 சென்டிமீட்டர் உயரமுள்ள, கைப்பிடியில்லாத நாற்காலியில் அமர்ந்து, கைகளை மார்பின் குறுக்கே மடித்துக்கொண்டு, 30 நொடிகளில் எத்தனை முறை முழுமையாக எழ முடிகிறது என்று எண்ண வேண்டும். அருகில் ஒருவர் துணை நிற்பது அவசியம். 65 முதல் 69 வயது வரையுள்ள ஆண்கள் 12 முறைக்கும், பெண்கள் 11 முறைக்கும் குறைவாக எழுந்தால், அது சராசரிக்குக் கீழ். கீழே விழும் அபாயம் மிகுதி என்று கொள்ள வேண்டும்.

எண்ணிக்கை குறைவாக வந்தால் மனம் தளர வேண்டா. தசை எந்த வயதிலும் பயிற்சிக்கு இணங்கி வலுப்பெறும் இயல்புடையது. இன்றைய எண்ணிக்கையை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து மீண்டும் எண்ணிப் பாருங்கள்.