வீட்டுக்கும் ஒரு நாள் வேண்டும்

வாழ்ந்த வீடுகள் – 9

வைகுண்ட ஏகாதசிக்கு முந்தைய பகல்பத்து தொடங்கும் நாளில், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீட்டின் முன்பகுதி முழுக்கக் காய்கறியும் பழமும் கரும்புமாக நிறைந்திருக்கும். பெரியாழ்வார் வழிவந்தவர்கள் என்று ஊர் போற்றும் வேதபிரான் பட்டர் திருமாளிகை அது. ஆண்டாளும் ரங்கமன்னாரும் கோயிலிலிருந்து புறப்பட்டு அங்கே எழுந்தருள்வார்கள். கட்டிக்கொடுத்த பெண் மாப்பிள்ளையோடு பிறந்தகம் வருகிறாள். வீட்டில் இருப்பதையெல்லாம் அவள் கண் குளிரப் பரப்பி வைத்து வரவேற்க வேண்டும். இதற்குப் பச்சைப் பரப்புதல் என்று பெயர்.

சோழபுரத்திலும் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வளர்ந்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. ஆனால் நினைவு இல்லங்களைப் பற்றி எழுதிவரும் இந்தத் தொடரில் இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பெரியாழ்வார் வாழ்ந்த வீடே பிற்காலத்தில் ஆண்டாள் கோயிலாயிற்று என்பது ஊர் மரபு. சூடிய மாலையோடு ஆண்டாள் முகம் பார்த்ததாகச் சொல்லப்படும் கண்ணாடிக் கிணற்றை இன்றும் கோயிலுக்குள் பார்க்கலாம். ஒரு மகள் வளர்ந்த வீட்டை ஓர் ஊர் பல நூற்றாண்டுகளாக மறக்காமல் இருக்கிறது. கட்டடம் நிற்பதால் மட்டும் இது நடந்துவிடவில்லை. ஆடிப்பூரத்தில் தேர், மார்கழியில் எண்ணெய்க் காப்பு, பங்குனி உத்திரத்தில் திருக்கல்யாணம் என்று ஆண்டு முழுவதும் அவளுக்கு நாட்கள் இருக்கின்றன. அந்தந்த நாளில் யார் எதைக் கொண்டுவர வேண்டும், யார் எங்கே நிற்க வேண்டும் என்பது ஊருக்குத் தெரியும்.

நம் தலைவர்களும் கவிஞர்களும் வாழ்ந்த வீடுகளுக்கு இல்லாதது இதுதான். சுவருக்கு வெள்ளையடிக்கிறோம், புகைப்படங்களுக்குச் சட்டம் போடுகிறோம், வாசலில் பெயர்ப்பலகை வைக்கிறோம். பிறந்த நாளில் மாலை போட்டுவிட்டு வந்துவிடுகிறோம். மற்ற நாட்களில் அங்கே போவதற்கு உள்ளூர்க்காரருக்குக் காரணம் எதுவும் இருப்பதில்லை.

இதை ராஜபாளையத்தில் ஒருவர் முன்பே உணர்ந்திருந்தார் என்று நினைக்கிறேன். பூ.ச.குமாரசுவாமி ராஜா 1898 ஜூலை 8 அன்று ராஜபாளையத்தில் பிறந்தவர். 1949 ஏப்ரலில் சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானார். 1950 ஜனவரி 26 அன்று நாடு குடியரசானபோது அந்த நாற்காலியில் இருந்தவர் அவர்தான். 1952 தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் சட்டமன்றத் தொகுதியில் தோற்றார். பின்னர் ஒரிசாவின் ஆளுநராக இருந்தார். 1957 மார்ச்சில் மறைந்தார். இத்தனை பதவிகள் வகித்தவர் தன் வீட்டைத் தன் பெயர் சொல்லும் மாளிகையாக விட்டுச்செல்லவில்லை. காந்தியின் பெயரில் ஒரு கலை மன்றத்துக்காக அதை வழங்கினார். ராஜபாளையம் காந்தி கலை மன்றம் பிறந்தது அப்படித்தான்.

அந்த முடிவைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். வீட்டைக் கொடுப்பவர்கள் உண்டு. ஆனால் வீட்டில் என்ன நடக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கொடுப்பவர்கள் குறைவு. கலை மன்றம் என்றால் அங்கே பாட்டு கேட்க வேண்டும், ஆட்டம் நடக்க வேண்டும், ஊர் மக்கள் கூட வேண்டும். ஒரு முதலமைச்சர் உட்கார்ந்த நாற்காலியைக் கயிறு கட்டி வைப்பதைவிட, அந்தக் கூடத்தில் ஒரு சிறுமி பாடக் கற்றுக்கொள்வது அவரை அதிகம் நினைவூட்டும்.

அதே மாவட்டத்தில், விருதுநகரில் காமராசர் இல்லம் இருக்கிறது. 1903 ஜூலை 15 அன்று பிறந்தவரின் வீடு. இப்போது அரசின் நினைவு இல்லம். 2006 முதல் அவர் பிறந்த நாளைக் கல்வி வளர்ச்சி நாளாகத் தமிழ்நாட்டுப் பள்ளிகள் கொண்டாடுகின்றன. ஒரு மனிதரின் பிறந்த நாள் மாநிலத்தின் எல்லாப் பள்ளிகளுக்கும் உரியதாவது எளிதில் கிடைக்கும் பேறு அல்ல. ஆனால் அந்த நாளின் கொண்டாட்டம் பள்ளி மேடைகளிலேயே முடிந்துவிடுகிறது. வீட்டுக்குள் வருவது மாலைகள்தான். தாயார் சிவகாமி அம்மாளுக்காக வீட்டுக்குள் தனியாகக் குடிநீர்க் குழாய் போட்டுக் கொடுத்ததை அறிந்து, அதை எடுத்துவிடச் சொன்னார் காமராசர் என்ற செய்தியை இந்தப் பக்கத்தில் அறியாதவர் இல்லை. அதை மேடையில் கேட்பது வேறு. அந்தச் சிறிய வீட்டுக்குள் நின்று, முதலமைச்சரின் தாய் இங்கேதான் இருந்தார் என்று பார்த்துக்கொண்டே கேட்பது வேறு. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன்னைவிடச் சிறிய பிள்ளைகளுக்கு அங்கே நின்று அதைச் சொன்னால், இரண்டு தலைமுறை அதை மறக்காது.

வீட்டு நினைவிடத்தைத் திருவிழாவாக மாற்றிக் காட்டியவர்கள் சென்னையிலும் இருக்கிறார்கள். திருவல்லிக்கேணியில் பாரதியார் வாழ்ந்த இல்லத்தில், ஆண்டுதோறும் டிசம்பர் 11 பிறந்த நாளையொட்டி வானவில் பண்பாட்டு மையம் பாரதி விழா நடத்துகிறது. எட்டயபுரம் மன்னரிடம் பாரதி சீட்டுக்கவியில் கேட்டும் கிடைக்காத ஜதிப் பல்லக்கை, அவர் படத்தை வைத்து ஊர்வலமாகத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கவிஞனின் வாழ்வில் நிறைவேறாத ஓர் ஆசையை எடுத்து, அதையே விழாவின் உயிராக வைத்திருக்கிறார்கள். நல்ல நிகழ்ச்சி இப்படித்தான் பிறக்கும்: அந்த வீட்டில் வாழ்ந்தவரின் வாழ்க்கையிலிருந்தே பிறக்க வேண்டும். வேறு எந்த வீட்டுக்கும் பொருந்தாததாக இருக்க வேண்டும்.

பத்மநாபபுரம் அரண்மனை இன்னொரு பாடம். கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள அருங்காட்சியகம் அது. சுற்றுலாப் பயணிகள் சீட்டு வாங்கிப் பார்த்துப் போகிறார்கள். ஆனால் நவராத்திரிக்கு முன் ஒரு நாள் அது மறுபடியும் அரண்மனையாகிவிடுகிறது. உப்பரிகை மாளிகையில் மன்னரின் உடைவாள் முறைப்படி கைமாறும். தேவாரக்கெட்டு சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுவார்கள். பார்வையாளர் கூட்டத்துக்காக யாரும் உருவாக்கிய நிகழ்ச்சி அல்ல இது. இருந்த மரபை அருங்காட்சியகம் தடுக்காமல் வழிவிட்டிருக்கிறது. கொல்கத்தாவில் தாகூர் பிறந்த ஜோராசாங்கோ வீடும் அப்படியே. வங்க நாட்காட்டியின் வைசாகம் 25-ஆம் நாள் காலையிலேயே மக்கள் அங்கே கூடி அவர் பாடல்களைப் பாடுகிறார்கள்.

இவற்றோடு மதுரை திருமலை நாயக்கர் மகாலின் ஒலி-ஒளிக் காட்சியை ஒப்பிட்டுப் பாருங்கள். மாலைதோறும் சிலப்பதிகாரக் கதையைத் தூண்களுக்கு நடுவே விளக்கொளியில் சொல்கிறார்கள். வெளியூர்ப் பயணிக்கு அது நல்ல விருந்துதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கே மக்கள் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பவர்கள். பச்சைப் பரப்புதலில் மக்கள் கூடை சுமந்து வருபவர்கள். ஒருமுறை பார்த்த காட்சியை மறுமுறை பார்க்க எல்லோரும் வருவதில்லை. ஆனால் தன் கையால் ஒன்றைச் செய்தவர் அடுத்த ஆண்டு அதே நாளில் தன் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வருவார்.

இங்கே நம் மாவட்டத்துக்கு ஒரு வாய்ப்பு கண்ணுக்கு முன்னே இருக்கிறது. ஜூலை 8 குமாரசுவாமி ராஜாவின் பிறந்த நாள். ஜூலை 15 காமராசர் பிறந்த நாள். நடுவில் ஒரே வாரம். இருவரும் ஒரே காலத்தில் ஒரே இயக்கத்தில் நின்றவர்கள். ராஜா சட்டமன்றத் தேர்தலில் தோற்ற அதே 1952-இல், ஸ்ரீவில்லிபுத்தூர் நாடாளுமன்றத் தொகுதியில் வென்று டெல்லிக்குப் போனவர் காமராசர். அந்த ஒரு வாரத்தை மாவட்டத்தின் நினைவு இல்ல வாரமாக ஆக்கலாம். ராஜபாளையத்தில் கதரும் கலையும். விருதுநகரில் பள்ளிக்கூடமும் மதிய உணவும். அதைத் தொடர்ந்து ஆடிப்பூரம் வந்துவிடும். தேர் பார்க்க வரும் பெருங்கூட்டம் ஸ்ரீவில்லிபுத்தூர் நாயக்கர் மகாலையும் பார்த்துப் போகலாம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள அந்தக் கட்டடத்தில், அந்தச் சில நாள் மாலையில் மட்டும் விளக்கேற்றி, தேரின் கதையையும் நாயக்கர் திருப்பணியையும் சொல்ல ஒரு தமிழாசிரியர் போதும்.

அடுத்த பருவம் மார்கழி. ஸ்ரீவில்லிபுத்தூரில் பச்சைப் பரப்பும் காலத்தையொட்டியே, மார்கழிப் புனர்பூசத்தில், இதே மாவட்டத்துத் திருச்சுழியில் ரமணர் பிறந்த சுந்தர மந்திரத்தில் அவருடைய ஜயந்தி வருகிறது. ஆடியும் மார்கழியும் ஏற்கெனவே நம் மக்கள் வீட்டைவிட்டுக் கிளம்பும் மாதங்கள். புதிதாக நாள் குறிக்க வேண்டியதே இல்லை.

செய்யும்போது கவனம் வேண்டும். பழைய வீடுகள் கூட்டத்துக்காகக் கட்டியவை அல்ல. மரப் படிக்கட்டும் மச்சும் ஒரே நேரத்தில் நூறு பேரைத் தாங்காது. சிறு சிறு குழுவாகத்தான் உள்ளே விட வேண்டும். கச்சேரியும் சாப்பாடும் முற்றத்திலோ தெருவிலோ இருக்கட்டும். எண்ணெய் விளக்கின் புகை சுவரோவியத்தையும் பழைய புகைப்படத்தையும் கெடுக்கும். விளக்கு வாசலோடு நிற்கட்டும். தோரணம் கட்டச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. ஒலிபெருக்கி வேண்டாம், வீட்டுக்குள் சொல்லும் கதைக்கு மனிதக் குரல் போதும்.

இன்னொரு சிக்கல் நிர்வாகம். நினைவு இல்லங்கள் பெரும்பாலும் செய்தி மக்கள் தொடர்புத் துறையிடம் இருக்கின்றன. அரண்மனைகள் தொல்லியல் துறையிடம், கோயில்கள் அறநிலையத் துறையிடம், மன்றங்களும் பிறந்த வீடுகளும் அறக்கட்டளைகளிடம். ஊருக்கு இவை எல்லாம் ஒன்றுதான், கோப்புகளில்தான் தனித்தனி. மாவட்ட ஆட்சியர் இவர்களை ஒரே மேசையில் உட்காரவைத்து ஆண்டுக்கு ஒரு நாட்காட்டி அச்சிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதி வேலை பள்ளிகளுடையது. பக்கத்துப் பள்ளி ஒவ்வொன்றும் ஒரு வீட்டைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டு, ஆண்டுக்கு ஒரு வகுப்பை வழிகாட்டிகளாகப் பழக்கினால் போதும். செலவு மிகக் குறைவு.

வீட்டைக் காப்பாற்றுவது சுண்ணாம்பும் மரமும் மட்டும் அல்ல, அங்கே போக வேண்டிய ஒரு நாளும்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் இதை ஆண்டாளுக்காகச் செய்து காட்டியிருக்கிறது. குமாரசுவாமி ராஜாவுக்கும் காமராசருக்கும் நாம் அதைச் செய்ய வேண்டும். வரும் ஜூலை 8 அன்று உங்கள் பிள்ளைகளோடு ராஜபாளையத்துக்கும், 15 அன்று விருதுநகருக்கும் போய் வாருங்கள். உங்கள் ஊரில் இப்படி ஒரு வீடு இருந்தால், அதற்கு உரிய நாள் எது, அன்று அங்கே என்ன செய்யலாம் என்று எங்களுக்கு எழுதுங்கள்.

(தொடரும்)