சுருட்டின் சுவையும் நம் தமிழ்ச் சொற்களும்

ஆங்கிலத்தில் ‘செரூட்’ என்றொரு சொல் உண்டு. இரு முனைகளும் வெட்டப்பட்ட சுருட்டை அது குறிக்கும். அது நம் ‘சுருட்டு’ என்ற சொல்லிலிருந்து பிறந்தது என ஆங்கில அகராதிகளே கூறுகின்றன. உலகுக்குச் சொல்லைத் தந்த நாம், அப்பொருளின் சுவையைச் சொல்லும்போது மட்டும் ‘நல்லா இருக்கு’, ‘ஸ்ட்ராங்கா இருக்கு’ என்பதோடு நின்றுவிடுவது ஏன்?

பட்டம் பெற்றபின் சில ஆண்டுகள் கோலாலம்பூரில் சுருட்டுக் கடையொன்றில் பணியாற்றினேன். வாடிக்கையாளருக்கு விளக்குவதற்காகச் சுருட்டை மதிப்பிடும் முறையைக் கற்றேன். உயர்ரக நிக்கராகுவாச் சுருட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதை இங்கே பகிர்கிறேன்.

நிக்கராகுவா மண்

1959-இல் கியூபப் புரட்சி வென்றது. அங்கிருந்து வெளியேறிய புகையிலைக் குடும்பங்கள் சில, வடக்கு நிக்கராகுவாவின் எஸ்டெலி நகரில் தொழிலைத் தொடங்கின. அந்நாட்டின் மிகப் பழைய சுருட்டு நிறுவனமான ‘ஹோயா டி நிக்கராகுவா’ 1968-இல் தோன்றியது. பின்னர் 1979-இல் அங்கும் புரட்சி. 1985 முதல் 1990 வரை அமெரிக்க வணிகத் தடை. இத்தனையையும் தாண்டி, இன்று அமெரிக்காவுக்குக் கைச்சுருட்டு அனுப்புவதில் நிக்கராகுவா முன்னணியில் நிற்கிறது.

எஸ்டெலி இலை காரமும் வலிமையும் மிக்கது. ஹொண்டுராஸ் எல்லையை ஒட்டிய ஹலாபா பள்ளத்தாக்கின் இலை மென்மையும் இனிப்பும் கொண்டது. இவற்றைக் கலப்பதில்தான் திறமை இருக்கிறது.

சுருட்டுக்குள் என்ன இருக்கிறது?

வெளியே மேலிலை, அதனுள் கட்டும் இலை, நடுவே உள்ளிலைகள். செடியின் உச்சியில் வெயிலை நிறையக் குடித்து வளரும் இலை ‘லிகெரோ’. அது தடித்தது, வலிமையானது, மெதுவாக எரிவது. நடு இலையான ‘செக்கோ’ மணம் தரும். கீழ் இலையான ‘வொலாடோ’ எளிதில் எரியும். அறுவடை செய்த இலைகளைப் போராகக் குவித்தால் தம் வெப்பத்திலேயே அவை நொதிக்கும். அப்போது அம்மோனியா வெளியேறும். இப்பணியை அவசரமாக முடித்திருந்தால், புகையின் காட்டமான நெடி உடனே காட்டிக் கொடுத்துவிடும்.

மதிப்பிடும் முறை

முதலில் கண்ணும் கையும். மேலிலையின் நிறம் சீராக உள்ளதா? மெல்ல அழுத்தும்போது எங்கேனும் கட்டியாகவோ பொக்கையாகவோ இருக்கிறதா?

அடுத்து, தலைப்பகுதியை வெட்டி, பற்றவைக்கும் முன்பே ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். காற்று வர மறுத்தால் இலை அதிகமாகத் திணிக்கப்பட்டிருக்கிறது. தடையின்றி வந்தால் சுருட்டு சூடேறி விரைவில் கசக்கும்.

பற்றவைத்தபின் நிமிடத்திற்கு ஒரு முறை இழுத்தால் போதும். புகையை நெஞ்சுக்குள் இழுக்கக்கூடாது; வாயில் நிறுத்தி, சிறிதளவை மூக்கின் வழியே வெளிவிட வேண்டும். நாக்கு சில அடிப்படைச் சுவைகளையே அறியும்; கொக்கோ, பாதாம், மரம், ஈரமண் ஆகியவற்றைச் சொல்வது மூக்குதான். சுருட்டை மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனியே குறிப்பு எழுத வேண்டும்.

இங்கே பலரும் குழம்புவது, வலிமையையும் சுவையையும் ஒன்றாகக் கருதுவதில்தான். வலிமை என்பது நிக்கோட்டின்; அது தலையிலும் வயிற்றிலும் தெரியும். சுவை நாவிலும் மூக்கிலும் தெரியும். வலிமை குறைந்த சுருட்டும் சுவை நிறைந்ததாக இருக்கலாம்.

என் குறிப்பேட்டிலிருந்து ஒன்று: “முதற்பகுதி: மிளகுக் காரம், நாவின் ஓரத்தில் பாக்குத் துவர்ப்பு. நடுப்பகுதி: காரம் தணிந்து வறுத்த கோப்பிக் கசப்பு, பின்னால் கருப்பட்டி இனிப்பு. கடைசி: மரவாடை, சூடு.” ‘கோப்பி’யைத் தவிர வேறு மொழிச் சொல் தேவைப்படவில்லை! வாய் உலரும் உணர்வை நாம் ‘துவர்ப்பு’ என்று ஒரே சொல்லில் முடிக்கிறோம்.

இன்னொரு விதியும் உண்டு. மதிப்பிடுபவர் சுருட்டின் பட்டையைப் பார்க்கக்கூடாது. 1992-இல் தொடங்கிய ‘சிகார் அஃபிசியனாடோ’ என்ற அமெரிக்க இதழ், பட்டையை நீக்கிவிட்டே 100 புள்ளிகளுக்கு மதிப்பிடுகிறது. பெயரும் விலையும் கண்ணில் பட்டால், நாக்கு அவற்றுக்கே சாட்சி சொல்லத் தொடங்கிவிடும்.

ஒரு கசப்பான உண்மை

நெஞ்சுக்குள் இழுக்காவிட்டால் தீங்கில்லை என்பது பொய். சுருட்டுப் புகையின் காரத்தன்மையால் நிக்கோட்டின் வாய்த்தோல் வழியாகவே இரத்தத்தில் கலக்கும். வாய், தொண்டைப் புற்றுநோய்க்கும் சுருட்டு காரணமாகிறது. சிங்கப்பூரில் 2021 முதல் 21 வயதுக்கு உட்பட்டோருக்கும், மலேசியாவில் 2024 அக்டோபரில் நடப்புக்கு வந்த சட்டப்படி 18 வயதுக்கு உட்பட்டோருக்கும் புகையிலைப் பொருள்களை விற்க முடியாது. அந்த வேலையை விட்டபோதே நான் சுருட்டையும் விட்டுவிட்டேன். சுவையை நன்கு அறிந்தவனாலும் அதன் தீங்கை அழகுபடுத்த இயலாது.

ஆனால் முறையை விடவில்லை. நண்பர்களே, இதைப் பழகப் புகை தேவையில்லை. அடுத்த முறை ஒரு கோப்பி ஓ குடிக்கும்போது கடையின் பெயரை மறந்துவிட்டு, முதல் வாய், நடு, கடைசி என மூன்று வரி தமிழில் எழுதிப் பாருங்கள். விலையை ஒதுக்கிவிட்டு உணர்ந்ததை உணர்ந்தபடி சொல்லும் பழக்கம், சுவைக்கு மட்டுமன்றி நூலுக்கும் கருத்துக்கும் மனிதருக்கும்கூடப் பயன்படும்.