ஒரு பவுசர் தண்ணீர் குடிக்கும் நாலு பரப்புப் புல்

ஆடி பிறந்தால் வன்னி மண்ணில் மிஞ்சிய ஈரத்தையும் கச்சான் காற்று உறிஞ்சிவிடுகிறது. தெருவோரக் கினிப்புல் காய்ந்து ஈர்க்காகிறது. பட்டி மாடுகள் வற்றும் குளங்களின் அலைகரைகளில் இறங்கி மேய்கின்றன. வீட்டில் கட்டி வளர்க்கும் கறவைக்குப் பூவரசங்குழையும் கிழித்த பனையோலையும்தான் கதி. வைக்கோல் வயிற்றை நிரப்பும். பால் சுரக்க அது போதாது.

அதனால்தான் கிணற்றடியில் சிஓ-3, சிஓ-4 புல் நடுகிறார்கள். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் கம்பையும் நேப்பியர் புல்லையும் இனக்கலப்புச் செய்து உருவாக்கிய இனங்கள் இவை. நட்டு 75 நாளில் முதல் வெட்டு, பிறகு 45 நாளுக்கொரு வெட்டு. நாள் கடந்தால் தண்டு முற்றிவிடும், மாடு கழித்துவிடும்.

ஆனால் இந்தப் புல்லின் தாகம் பெரிது. கச்சான் வீசும் நாளில் 5 மில்லிமீற்றர் நீர் வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். நாலு பரப்புக்கு, அதாவது கால் ஏக்கருக்கு, அது நாளொன்றுக்கு 5,000 லீற்றர். கோடையில் கிணறு வற்றிய ஊர்களுக்குக் குடிநீர் கொண்டுவரும் பவுசர் ஒன்று நிறைய. நன்றாக விளைந்தால் அந்த நிலம் இரண்டு கறவைகளுக்குப் போதும். ஆகவே இறைக்கப் புறப்படுமுன் கிணற்றைப் பார்க்க வேண்டும். இரணைமடுக் குளத்தின் வாய்க்கால் ஓடும் பக்கம் சிறுபோகத்தில் கிணறு ஊறும். வாய்க்கால் எட்டாத மேட்டுக்காணிகளில் ஆவணி, புரட்டாதியில் அடிமட்டம் தெரியும். அங்கே ஏக்கர்க் கணக்கில் புல் நடச் சொல்வது விவசாயியைக் கடனில் தள்ளுவதாகும்.

அங்கே இரண்டு பரப்பே போதும், ஆனால் மாட்டுக்கொட்டில் கழுவிய தண்ணீர் நேரே அதன் சாலுக்குள் பாயட்டும். அதில் நீரோடு உரமும் போகிறது. வரிசைகளுக்கிடையில் வைக்கோலையோ சருகையோ பரப்பி, வெயில் தாழ்ந்தபின் இறைத்தால் காற்று கொண்டுபோவது குறையும். கட்டையை ஐப்பசி மழையோடு நட்டுவிட்டால் கோடைக்குமுன் வேர் ஆழம் போய்விடும். சித்திரையில் நட்டுத் தண்ணீருக்கு அலைவது வீண் பாடு.

இதெல்லாம் கட்டி வளர்க்கும் மாட்டுக்கு. ஐம்பது, நூறு உருப்படி வைத்திருக்கும் பட்டிக்காரருக்கு எந்தக் கிணறும் காணாது. அவர்களுக்கு வேண்டியது எல்லை போட்டு ஒதுக்கிய மேய்ச்சல் தரை. காலபோக விதைப்பு தொடங்கியதும் மாட்டை எங்கே சாய்ப்பதென்று அவர்கள் தவிப்பதற்குப் புல் கட்டைகளைக் கொடுத்துப் பதில் சொல்ல முடியாது.

கறவைக்காரர் கைக்கு எட்டிய இன்னொரு வழியும் உண்டு. தைக் கடைசியில் மழை விட்டதும் மிதமிஞ்சி நிற்கும் புல்லை வெட்டி, அரைநாள் வாடவிட்டு, அங்குலத் துண்டாக நறுக்கி, பிளாஸ்டிக் பீப்பாயில் காற்றில்லாமல் மிதித்து மூடலாம். ஒன்றரை மாதத்தில் புளித்துப் பதமாகும். திறக்காதவரை ஆவணிக்கும் இருக்கும்; அதற்கு ஒரு வாளி தண்ணீரும் இறைக்க வேண்டியதில்லை.