வீட்டுக்கு ஒரு சோற்றுக்கற்றாழை

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் தொழிற்சாலைகள் பெருகியது முதல் கிராமங்களின் தோற்றம் மாறிவிட்டது. புழக்கடைத் தோட்டம் இருந்த மனைகள் பலவற்றில் இன்று வாடகை அறைகள் வரிசையாக எழுந்துள்ளன. மண்தரை இல்லாத இத்தகைய வீட்டில் செடி வளர்க்க விரும்புவோருக்கு நாம் முதலாவதாகக் கூறுவது சோற்றுக்கற்றாழையே. ஒரு தொட்டியும் அரைநாள் வெயிலும் அதற்குப் போதும்.

இதன் மடல்கள் நடுவிலிருந்து ரோஜா இதழ்களைப்போல் அடுக்கடுக்காக எழுந்து, தம்முள் நீரைச் சேமித்து வைக்கின்றன. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறக்கின்றன. கற்றாழையோ இரவில் திறந்து கரியமிலவாயுவை ஏற்கிறது. ஆதலின் நீர் ஆவியாவது மிகக் குறைவு. இரவு ஷிப்டு, பகல் ஷிப்டு என்று உழைப்போர் பத்து நாள் மறந்தாலும் அது பிழைத்திருக்கும். வீடுகளில் அது மடிவது பெரும்பாலும் தாகத்தால் அன்று; மிகுதியான நீரால்தான்.

ஏரிக் களிமண் மட்டும் இதற்கு ஆகாது. செம்மண், பருமணல், மக்கிய எரு ஆகியவற்றைக் கலந்து, அடியில் துளையிட்ட தொட்டியில் நிரப்புக. தாய்ச்செடியின் பக்கக்கன்றைப் பிரித்து, வெட்டுவாய் உலர இரண்டு மூன்று நாள் நிழலில் வைத்து நடுக. கோடையில், மேல்மண் நன்கு காய்ந்தபின் வாரம் ஒருமுறை நீர் ஊற்றினால் போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியைக் கூரைக்கடியில் நகர்த்துக. மடல் மெலிந்து சுருண்டால் நீர் வேண்டும் என்று பொருள். அடிப்பகுதி மஞ்சளித்துக் கொழகொழத்தால் வேர் அழுகுகிறது என்று பொருள்.

இங்கு ஓர் எச்சரிக்கை. தொட்டியின் கீழ்த்தட்டில் தேங்கும் நன்னீரில் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். தட்டை விலக்கிச் செங்கல்மீது தொட்டியை வைப்பதே நலம். தட்டு அவசியமெனில், வாரந்தோறும் நீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும்.

மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பால் கடும் பேதியை உண்டாக்கும். மடலை நிமிர்த்தி வைத்து, அதை முற்றும் வடியவிட்டுக் கழுவிய பின்னரே உள்ளிருக்கும் சோற்றைத் தோலில் தடவலாம். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் மருத்துவர் சொல்லாமல் இதனை உட்கொள்ளலாகாது. நுனியில் கூரிய முள்ளுடைய ஆனைக்கற்றாழை வேறு இனம். அதன் சாறு பட்டால் தோல் அரிக்கும்.

ஓராண்டு பேணினால் பக்கக்கன்றுகள் தோன்றும். அவற்றுள் ஒன்றை, வெளியூரிலிருந்து வந்து அடுத்த அறையில் குடியிருப்போருக்கு, இவ்வெச்சரிக்கைகளையும் சொல்லிக் கொடுப்பீர்களாக.