பட்டனைத் தட்டினார்கள், பாட்டு பிறந்தது! ஜப்பான் பெண் போட்ட தாளம் ஜமைக்காவை ஆட்டிப் படைத்த கதை

கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகக்கூடிய சின்ன கீபோர்டு. 37 குட்டிக் கட்டைகள். பாட்டரியிலும் ஓடும். அதில் இருந்த ஒரே ஒரு பட்டன், ஒரு நாட்டின் பாட்டையே தலைகீழாகப் புரட்டிப் போட்டது!

அந்த நாடு ஜமைக்கா. கிரிக்கெட் ரசிகர்களுக்குச் சொல்லவே வேண்டாம். மைக்கேல் ஹோல்டிங், கோர்ட்னி வால்ஷ் பிறந்த மண்.

பட்டனுக்குள் தாளத்தை அடைத்து வைத்தவர் ஜப்பானியப் பெண். பெயர் ஹிரோகோ ஒகுடா.

முதல் வேலை

1980-ல் இசைக் கல்லூரிப் படிப்பை முடித்த கையோடு காசியோ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார் ஒகுடா. கால்குலேட்டர், கைக்கடிகாரம் செய்யும் அதே காசியோதான். கடைக்காரர்களுக்குப் பழக்கமான பெயர். அந்த வருடம்தான் கம்பெனி இசைக்கருவி வியாபாரத்திலும் இறங்கியிருந்தது.

கால்குலேட்டரையும் கீபோர்டையும் ஒன்றாக்கி "வி.எல்.-1" என்று ஒரு கருவியைக்கூட விற்றார்கள். கணக்கும் போடலாம், பாட்டும் வாசிக்கலாம்! ஜெர்மனியின் "டிரியோ" கோஷ்டி 1982-ல் அதன் தாளத்தை வைத்தே ஒரு பாட்டு போட்டு, பல நாடுகளில் சக்கைப்போடு போட்டது.

ஒகுடாவிடம் வந்தது "எம்.டி.-40" என்ற கீபோர்டு. பட்டனை அழுத்தினால் டிரம்மும், பேஸ் கிட்டார் போன்ற கனத்த சத்தமும் தானாகத் துணைக்கு வர வேண்டும். வாசிக்கத் தெரியாதவர்கூட வித்வான் போல உட்காரலாம்! அந்தத் தாளங்களை அமைப்பதுதான் புதுப்பெண்ணுக்கு வேலை.

அதில் ஒன்றின் பெயர் "ராக்". ஆனால் அம்மணி கல்லூரியில் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியது ஜமைக்காவின் ரெகே இசையைப் பற்றி! அந்த வாசனை எங்கே போகும்? தாளத்தில் ஒட்டிக்கொண்டது.

1981-ல் கீபோர்டு கடைக்கு வந்தது.

கஞ்சா பாட்டு

ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் நோயல் டேவி என்ற இளைஞரிடம் அப்படி ஒரு கீபோர்டு இருந்தது. அவரும் பாடகர் வெய்ன் ஸ்மித்தும் அதைத் தட்டிப் பார்த்தபோது இந்தத் தாளம் சிக்கியது.

நேராக கிங் ஜாமி என்ற ரிக்கார்டிங் முதலாளியிடம் கொண்டுபோனார்கள். ஆள் கில்லாடி! வேகத்தைக் குறைத்தார். மேலே கொஞ்சம் பியானோ, கொஞ்சம் கைதட்டல். வெய்ன் ஸ்மித்தைப் பாட வைத்தார்.

"அண்டர் மீ ஸ்லெங் டெங்" தயார். ஸ்லெங் டெங் என்பது கஞ்சாவுக்குக் கொச்சைப் பெயர்!

1985 பிப்ரவரியில், இரண்டு ஒலிபெருக்கி செட்காரர்கள் எதிரும் புதிருமாக மோதும் போட்டியில் கிங் ஜாமி இதைப் போட்டார். கூட்டம் கிறுகிறுத்துப் போனது. அதே தாளத்தின்மேல் ஆளாளுக்குப் பாட ஆரம்பித்தார்கள். நூற்றுக்கணக்கான பாட்டுகள் வந்துவிட்டன.

பிழைப்பு போச்சு

சந்தோஷப்பட்டவர்கள் ஒருபக்கம். வயிற்றைப் பிடித்துக்கொண்டவர்கள் மறுபக்கம்.

அதுவரை ஒரு பாட்டு பதிவு செய்ய டிரம்காரர், கிட்டார்காரர், பேஸ்காரர், ஆர்கன்காரர் என்று ஒரு கோஷ்டியே வேண்டும். எல்லோருக்கும் கூலி கொடுக்க வேண்டும். இப்போது கீபோர்டும் ஒரு ஆளும் போதும் என்று ஆகிவிட்டது. ஸ்டூடியோ வாசலையே நம்பியிருந்த வாத்தியக்காரர்கள் பலருக்கு வேலை குறைந்தது. பையில் காசில்லாத சேரிப் பையன்களுக்கோ, அதே கருவிதான் ஸ்டூடியோ கதவைத் திறந்துவிட்டது. யாரைக் குறை சொல்வது?

காசு யாருக்கு?

இத்தனை அமர்க்களமும் ஒகுடாவுக்குத் தெரியாது! 1986-ல் ஒரு இசைப் பத்திரிகையைப் புரட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. அட, இது நம்ம தாளம்!

பிற்பாடு சிலர் அந்தத் தாளத்தை உபயோகிக்கலாமா என்று கம்பெனியைக் கேட்டார்கள். "தாராளமாக. எம்.டி.-40-ல் இருந்து எடுத்தது என்று போட்டால் போதும்" என்கிற மாதிரிதான் பதில் போனது. காசு கேட்கவில்லை.

வெய்ன் ஸ்மித் 2014-ல் காலமானார். ஒகுடா சுமார் 40 ஆண்டுகள் அதே கம்பெனியில் மாதச் சம்பளத்துக்கு இசைக்கருவிகள் செய்துகொண்டிருந்தார்.