சோதனைத் தரவு (வலைச் செயலிகள்)

வலைச் செயலியொன்று சரியாக இயங்குகின்றதா என அறிவதற்காகத் தரவுத்தளத்தில் இடப்படும் பதிவுகள் சோதனைத் தரவு எனப்படும். திருச்செந்தூருக்கு வரும் பக்தர்கள் தங்கும் அறையைப் பதிவு செய்ய ஒரு செயலி எழுதப்படுவதாகக் கொள்வோம். அதனைச் சோதிக்க யாருடைய பெயரை இடுவது என்பதே முதற் கேள்வி.

மிக எளிய வழி, பதிவுகளைக் கோப்பில் எழுதிவைத்துச் சோதனைக்கு முன் ஏற்றுவதாகும். ரூபி ஆன் ரெயில்ஸ், ஜாங்கோ ஆகிய கட்டமைப்புகளில் இவ்வசதி உண்டு. இது விரைவானது. ஆயினும் பல சோதனைகள் ஒரே பதிவை நம்பியிருந்தால், அதில் ஒரு புலத்தை மாற்றியதும் தொடர்பற்ற சோதனைகளும் தோல்வியுறும். இதனைத் தவிர்க்க, ஒவ்வொரு சோதனையும் தனக்கு வேண்டிய பதிவைத் தானே உருவாக்கிக்கொள்ளும் முறை பரவியது. 2008இல் வெளிவந்து 2017இல் ஃபேக்டரிபாட் எனப் பெயர் மாறிய நிரற்தொகுப்பு இவ்வகையினது. இம்முறை சற்று மெதுவானது.

உண்மைப் பயனர்களின் தரவையே படியெடுப்பது மூன்றாவது வழி. இதுவே கவர்ச்சியானதும் ஆபத்தானதும் ஆகும். பெயரை மட்டும் மறைத்தால் போதாது. சிற்றூர் முகவரியும் தங்கிய நாளும் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். இந்தியாவில் 2023இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டுள்ளது.

எவ்வழியாயினும் தரவு மண்ணுக்கேற்றதாக இருத்தல் வேண்டும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் இட்டுச் சோதித்த செயலி எல்லாச் சோதனைகளிலும் தேறிவிட்டு, உண்மைப் பயனரிடம் தோற்கலாம். தமிழர் பலருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னே நிற்கும். முத்துக்குளித்துறைக் கத்தோலிக்கப் பரதவரிடையே பர்னாந்து முதலிய குடும்பப் பெயர்கள் உண்டு. இரு வகையினரையும் படிவம் ஏற்க வேண்டும்.

எழுத்துகளும் சிக்கலானவை. ‘திருச்செந்தூர்’ கண்ணுக்கு 7 எழுத்து. ஒருங்குறியில் 14 குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் 42 பைட்டுகள். 40 பைட்டு வரம்புள்ள புலத்தில் அது அடங்காது. ‘கொற்கை’ என்பதன் முதலெழுத்தில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும், எகரக் குறியும் காலும் சேர்ந்த இரு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. இயல்பாக்கம் செய்யாத தேடலோ ஒன்றை மட்டுமே கண்டுபிடிக்கும். இவ்விரு வடிவங்களையும் சோதனைத் தரவில் கையால் எழுதிச் சேர்ப்பது நல்லது.

ஊர்ப் பட்டியல் போன்றவற்றுக்கு நிலைத்த கோப்பே பொருந்தும். எனினும் அதுவும் மாறாததன்று. 2020 சூனில் தமிழ்நாடு அரசு தூத்துக்குடி உட்படப் பல ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணையிட்டு, சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. ஆகவே சோதனைகள் ஊரை ஆங்கிலப் பெயரால் ஒப்பிடாமல், தனியொரு அடையாள எண்ணால் ஒப்பிடுவது நல்லது.