குறட்டை நிற்கும் இடம்

சித்திரை மாதத்தில் பண்ணைப்புரத்துக்குப் போனால் மொட்டை மாடியில்தான் படுக்கை. மேற்கே மலை இருட்டாக நிற்கும், நடுச்சாமத்துக்கு மேல் அங்கிருந்து காற்று இறங்கும். அப்படி ஒரு ராத்திரி பெரியப்பா மகன் வீட்டு மாடியில் படுத்திருந்தேன். பக்கத்துக் கட்டிலில் அண்ணன். வயது ஐம்பத்து நான்கு. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுகிறவர். தலை சாய்த்த ஐந்தாவது நிமிடம் குறட்டை கிளம்பிவிட்டது. இளையராஜா பிறந்த ஊரில் இப்படியொரு அபசுரமா என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

உச்சத்தில் இருந்த குறட்டை சட்டென்று நின்றது. நெஞ்சும் வயிறும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தன. மூச்சுச் சத்தத்தை மட்டும் காணோம். எண்ண ஆரம்பித்தேன். இருபத்தாறு வந்தபோது, கிணற்றில் முங்கியவர் மேலே வந்ததுபோல ஒரு பெரிய இழுப்பு, உடம்பில் ஓர் உதறல். மறுபடி குறட்டை. இரண்டு நிமிடம் கழித்து மறுபடி நின்றது.

காலையில் மதினியிடம் சொன்னேன். "இன்னைக்கு நேத்தா தம்பி? நாலஞ்சு வருசமா இதே கதைதான். மனுசன் ராத்திரி பூரா செத்துச் செத்துப் பொழைக்கிறாரு. கேட்டா, 'நான் நல்லாத்தான தூங்குனேன்'ங்கிறாரு" என்றார்.

இந்த நோயின் இலக்கணமே அவ்வளவுதான். தூங்குகிறவருக்கு அது தெரியாது. பக்கத்தில் படுப்பவர்தான் சாட்சி. மருத்துவர்கள் இதை ஸ்லீப் ஆப்னியா என்கிறார்கள். தமிழில் தூக்க மூச்சடைப்பு என்று சொல்லலாம். நம் ஊர்களிலோ குறட்டை விட்டால் "அசந்து தூங்குறார், எழுப்பாதே" என்பார்கள்.

குறட்டை எப்படி உண்டாகிறது என்பதைப் பண்ணைப்புரத்துக்காரர்களுக்கு ஆர்மோனியத்தை வைத்தே விளக்கிவிடலாம். இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜனும் தம்பிகளும் மேடை மேடையாகத் தூக்கிச் சென்ற பெட்டி அல்லவா. துருத்தி காற்றைத் தள்ளுகிறது, சின்னத் துளையில் பொருத்திய பித்தளைத் தகடு அந்தக் காற்றில் அதிர்கிறது, சத்தம் பிறக்கிறது. நம் தொண்டையில் அதிர்வது அண்ணத்தின் பின்பக்கத்தில் எலும்பில்லாமல் தொங்கும் சதையும் உள்நாக்கும். விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் மூச்சு வழியைத் திறந்து பிடித்திருக்கின்றன. தூங்கியதும் அவை தளர்கின்றன, வழி குறுகுகிறது, சதை படபடக்கிறது.

அந்த வழி அடைத்துக்கொள்வதற்கு ஆர்மோனியத்தில் விளக்கம் கிடைக்காது. துருத்தி காற்றைத் தள்ளும்; நெஞ்சுக்கூடு காற்றை உறிஞ்சும். காகித உறிஞ்சுகுழல் இளநீரில் ஊறிப்போன பிறகு பலமாக உறிஞ்சிப் பாருங்கள். குழல் ஒட்டிக்கொள்ளும், இளநீர் வராது, எவ்வளவுக்கு எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவுக்கு இறுகும். கழுத்தில் கொழுப்பு சேர்ந்தவர்களுக்கும், மல்லாந்து படுக்கையில் நாக்கு பின்னால் சரிகிறவர்களுக்கும், பிறவியிலேயே தாடை சிறுத்தவர்களுக்கும் நடப்பது இதுதான். ஆசியர்களில் பலருக்குத் தாடை அமைப்பே குறுகலாக இருப்பதால், தொப்பை இல்லாத ஒல்லி உடம்புக்காரரும் தப்புவதில்லை.

பத்து நொடிக்கு மேல் மூச்சு நின்றால் ஒரு கணக்கு. மணிக்கு ஐந்து முறைக்குக் குறைவென்றால் கவலை இல்லை. ஐந்திலிருந்து பதினைந்து வரை லேசானது, முப்பதைத் தாண்டினால் கடுமையானது. ஒவ்வொரு முறையும் ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்குகிறது. மூளை பதறி எழுந்து அட்ரினலினைப் பாய்ச்சி, தொண்டைத் தசையை உசுப்பித் திறக்கவைக்கிறது. அந்த விழிப்பு சில நொடிதான் என்பதால் காலையில் நினைவில் இருப்பதில்லை. உடம்பு மறப்பதில்லை. ரத்த அழுத்தம் ராத்திரியில் இறங்க வேண்டியது, ஏறியே நிற்கிறது. மூன்று மாத்திரை போட்டும் பிரஷர் அடங்காதவர்களிடம் மருத்துவர்கள் தூக்கத்தைப் பற்றி விசாரிப்பது இதனால்தான்.

இன்னொன்று, பலரும் சர்க்கரையின் தலையில் கட்டுவது: ராத்திரி மூன்று நான்கு தடவை சிறுநீருக்கு எழுவது. அடைத்த தொண்டையோடு நெஞ்சு பலமாக இழுக்கும்போது உள்ளே வெற்றிடம்போல் ஆகி இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. ரத்தம் அதிகமாகிவிட்டது என்று இதயம் ஏமாந்து, உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்லும் ஹார்மோனைச் சுரக்கிறது. கோளாறு தொண்டையில், நடையோ கழிப்பறைக்கு.

நடுவயதில் இது எத்தனை பேருக்கு இருக்கிறது? அமெரிக்காவின் விஸ்கான்சினில் 30 முதல் 60 வயது வரையிலான ஊழியர்கள் 602 பேரைத் தூங்கவைத்துப் பார்த்த ஆய்வு 1993-ல் வெளியானது. மணிக்கு ஐந்து முறைக்குக் குறையாமல் மூச்சடைத்தவர்கள் ஆண்களில் 24 சதவீதம், பெண்களில் 9 சதவீதம். நம் நாட்டில் 2004-ல் வெளியான மும்பை ஆய்வு, 35 முதல் 65 வயது ஆண்களில் 7.5 சதவீதம் பேருக்குப் பகல் தூக்கத்தோடு கூடிய முழு நோயே இருப்பதாகக் கண்டது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் இந்திய ஆய்வுகளைத் திரட்டி 2023-ல் போட்ட கணக்கு, உழைக்கும் வயதில் சுமார் 10 கோடியே 40 லட்சம் பேர் என்கிறது. 

2022 பிப்ரவரி 15 அன்று மும்பையில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி 69 வயதில் இறந்தபோது, மருத்துவமனை அறிவிப்பில் இந்த நோயின் பெயர் இருந்தது. இதையும் ஒரு நோயென்று நம் பத்திரிகைகள் அப்போது எழுதின.

அண்ணன் விஷயத்தில் எனக்கு ராத்திரியைவிடப் பகல்தான் பயம். அவர் வெள்ளென எழுந்து, தோட்டத்துக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறுகிறவர். மூச்சடைப்பு உள்ளவர் எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் தூக்கம் துண்டு துண்டாகத்தான் கிடைத்திருக்கும். கொண்டை ஊசி வளைவில் இரண்டு நொடி கண் செருகினால் போதும்.

அந்த ஜீப்பில் ஏறும் பெண்களையும் பார்க்க வேண்டும். நாலு மணிக்கு எழுந்து, பொங்கி, தூக்குவாளியில் கட்டிக்கொண்டு புறப்படுகிறவர்கள். அவர்களுடைய அசதிக்கு வேலைதான் காரணம் என்று எல்லாரும் சொல்வோம், பாதி உண்மை. ஐந்து மணி நேரத் தூக்கத்தை எந்த மருந்தும் ஏழு மணி நேரமாக்காது. ஆனால் மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கும் மூச்சடைப்பு கூடுகிறது. அது ஆண்களைப்போலக் குறட்டையாக வெளிப்பட வேண்டும் என்பதில்லை. தூக்கம் வராமல் புரளுவது, காலைத் தலைவலி, காரணம் புரியாத சோர்வு, எரிச்சல் என்று வேறு வேடம் போடும். "வயசாச்சுல்ல" என்று முடித்துவிடுவோம். அண்ணனின் மூச்சை எண்ண மதினி இருக்கிறார். மதினியின் மூச்சை எண்ண யார் இருக்கிறார்கள்?

மூச்சடைப்பு உள்ளவர்கள் மருந்துக்கடையில் தூக்க மாத்திரை கேட்டு வாங்கிப் போடுவதும், அசதி தீர ஒரு கட்டிங் போடுவதும் பார்த்த விஷயம்தான். மதுவும் பல தூக்க மாத்திரைகளும் தளர்ந்த தொண்டையை மேலும் தளர்த்தும், அல்லது மூளை பதறி எழுவதைத் தாமதப்படுத்தும். அடைப்பு நீளும்.

1980 வரை கடுமையான மூச்சடைப்புக்கு இருந்த வைத்தியம், கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பதுதான். அந்த ஆண்டு சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவரிடம் வந்த ஒரு கட்டடத் தொழிலாளி, துளையிட வேண்டாம் என்று மறுத்துவிட்டார். நாய்களுக்கு முகமூடி மாட்டித் தூக்கத்தில் மூச்சை ஆராய்ந்திருந்த சல்லிவனுக்கு ஒரு யோசனை. தூசு உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரைத் திருப்பிப் போட்டதுபோல, உறிஞ்சாமல் ஊதும்படி ஒரு கருவி செய்து அந்தத் தொழிலாளியின் மூக்கில் பொருத்தினார். ஊதிய காற்றே தொண்டைக்கு முட்டுக்கொடுக்க, அந்த மனிதர் அன்று விடியும்வரை அடைப்பில்லாமல் தூங்கினார். 1981-ல் லான்செட் இதழில் அது வெளியானது. சிபாப் மெஷின் பிறந்த கதை இது. ஆர்மோனியத் துருத்தி கடைசியில் தொண்டைக்கே வந்து சேர்ந்துவிட்டது.

நாய் என்றதும் பண்ணைப்புரத்துக்குப் பக்கத்து ஊரான கோம்பையைச் சொல்லாமல் விட முடியவில்லை. கோம்பை நாய்க்கு நீண்ட முகவாய். மூச்சு வழி தாராளம். மூக்கு நசுங்கிப் போகும்படி மனிதர்கள் இனம்சேர்த்து உருவாக்கிய ஆங்கில புல்டாக் நாய்க்கு மனிதர்களைப் போலவே தூக்கத்தில் மூச்சடைக்கிறது என்று பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 1987-ல் காட்டினார்கள். 

மெஷினைப் பற்றி ஒன்றை ஒளிக்கக் கூடாது. 2016-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் அது பகல் தூக்கத்தைக் குறைத்தது, மனநிலையைத் தேற்றியது. ஆனால் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைத்ததாகத் தெரியவில்லை. அந்த ஆய்வில் இருந்தவர்கள் ராத்திரிக்குச் சராசரியாக மூன்றே கால் மணி நேரம்தான் அதை மாட்டியிருந்தார்கள். வாங்கி பீரோவில் வைத்தால் பயனில்லை என்பது மட்டும் நிச்சயம்.

லேசான நோய் என்றால் ஒருக்களித்துப் படுப்பதே பாதி வைத்தியம். பழைய பனியனின் முதுகில் பை தைத்து டென்னிஸ் பந்து வைத்துவிட்டால் மல்லாக்கப் படுக்க முடியாது. எடையைப் பத்து சதவீதம் குறைத்தால் அடைப்பு ஏறக்குறைய கால்வாசி குறையும். ஊதுவதும் உதவும்: சுவிட்சர்லாந்தில் 25 பேரை வைத்து நடத்திய சோதனையில், ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் டிஜெரிடூ என்ற நீண்ட ஊதுகுழலை நான்கு மாதம் வாசித்தவர்களுக்கு அடைப்பும் பகல் தூக்கமும் குறைந்தன. 2006-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த இந்த ஆய்வுக்கு 2017-ல் சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் இக் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாயனக்காரர்கள் மூச்சை அடக்கி வாசிப்பதைக் கேட்டு வளர்ந்தவனுக்கு இதில் ஆச்சரியம் குறைவு.

அண்ணன் மதுரையில் போய் ஒரு ராத்திரி சோதனைக்குப் படுத்தார். மணிக்கு நாற்பதுக்கு மேல் வந்தது. மெஷினைப் பார்த்து "என்னடா, தும்பிக்கை மாதிரி" என்று முதல் மாதம் முறுக்கிக்கொண்டார். விலை முப்பது நாற்பதாயிரம். ஜீப் ஓட்டுகிறவருக்கு அது சின்னத் தொகை அல்ல. இப்போது மாட்டுகிறார். மதினி கீழே தனியாகப் படுப்பதை விட்டுவிட்டார்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக பிரஷர் மாத்திரை கொடுக்க வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாத்திரையோடு ஒரு கேள்வியையும் கொண்டுவாருங்கள். வீட்டுக்காரரிடம் அவர் மனைவியைப் பற்றியும், மனைவியிடம் வீட்டுக்காரரைப் பற்றியும் கேளுங்கள்: தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா?

படிக்கிறவர்கள் ஒரு ராத்திரி விழித்திருங்கள். குறட்டை நின்றதும் எண்ணத் தொடங்குங்கள். முடிந்தால் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். பத்தைத் தாண்டி அது திரும்பத் திரும்ப நின்றால், தேனிப் பக்கத்துக்காரர்கள் க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குச் சீட்டு வாங்குங்கள். எண்ணியவரும் கூடவே போக வேண்டும். நோயாளியைக் கேட்டால், நன்றாகத் தூங்கினேன் என்றுதான் சொல்வார்.